ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். வகுப்பில் தொழில்நுட்பம் பயன்படுத்தாமல் நல்ல ஆசிரியர் ஆக முடியாதா?

இந்தக் கேள்வி யாருக்கும் சும்மா வராது. பாடக் குறிப்பில் 'தொழில்நுட்பப் பயன்பாடு' என்று ஒரு கட்டம் காலியாக இருக்கும். அதில் என்ன எழுதுவது என்று புரியாமல் ராத்திரி உட்கார்ந்திருப்பீர்கள். இல்லையென்றால் வகுப்பைக் கவனிக்க வந்த மேடம் எதையாவது சொல்லிவிட்டுப் போயிருப்பார். எனக்கு இரண்டுமே நடந்தது. நானும் இன்னும் ஆசிரியை ஆகவில்லை, பயிற்சியின் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறேன். இருபது வருடம் பாடம் நடத்தியவர்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடும். ஆனால் அவர்களுக்கு இப்போது யாரும் மார்க் போடுவதில்லை. நமக்குத்தான் போடுகிறார்கள்.

கேட்டதற்குப் பதில்: ஆகலாம். தாராளமாக ஆகலாம்.

இதைச் சொன்னதும் பழைய பஞ்சாங்கம் என்று முத்திரை குத்தக் கிளம்ப வேண்டாம். புரொஜெக்டர் வேண்டாம், கணினி வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. என் எரிச்சலெல்லாம் வேறு. நாங்கள் பயிற்சியில் கற்றுக்கொள்கிற 'தொழில்நுட்பம்' பெரும்பாலும் ஆசிரியர் தயாரித்ததைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கானது. ஸ்லைடு, வீடியோ, அனிமேஷன், பறந்து வந்து விழும் எழுத்துகள். பிள்ளையின் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்பதை ஆசிரியருக்குக் காட்டும் கருவியைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. எனக்கு இந்த இரண்டாவது வகைதான் வேண்டும். அது மின்சாரத்தில் ஓடினாலும் சரி, அட்டையில் வெட்டி எடுத்தாலும் சரி.

என் கதைக்கு வருகிறேன். கற்பித்தல் பயிற்சியில் எனக்கு விழுந்த பாடம் மின்சுற்று. பொறுப்பாசிரியர் முந்தைய வகுப்பிலேயே தொடர் இணைப்பு, பக்க இணைப்பு இரண்டையும் ஸ்மார்ட் போர்டில் அழகான வீடியோ போட்டுக் காட்டியிருந்தார். "புரிஞ்சுதா?" என்று நான் கேட்டதும் மொத்த வகுப்பும் ஒரே குரலில் "புரிஞ்சுது மிஸ்" என்றது. அந்த ராகத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

போர்டில் ஒரு பேட்டரி வரைந்தேன். அதோடு ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடர் இணைப்பில் வரைந்தேன். எது பிரகாசமாக எரியும்? அ: முதல் பல்பு. ஆ: இரண்டாவது. இ: இரண்டும் சமம். ஈ: பேட்டரி புதியதா பழையதா என்பதைப் பொறுத்தது. ஒவ்வொருவர் கையிலும் அ, ஆ, இ, ஈ எழுதிய நான்கு அட்டைகள் இருந்தன. பேசக்கூடாது, பக்கத்தில் எட்டிப் பார்க்கக்கூடாது, அட்டையை நெஞ்சோடு சேர்த்து என் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும்.

சரியான விடை 'இ'. பாதிக்கு மேல் காட்டியது 'அ'. கரண்டு முதல் பல்புக்குப் போனதும் கொஞ்சம் செலவாகிவிடும், மிச்சம் இருப்பதுதான் இரண்டாவதுக்குப் போகும் என்பது அவர்கள் கணக்கு. வீடியோ பார்த்து, குறிப்பு எழுதி, 'புரிஞ்சுது மிஸ்' சொன்ன அதே பிள்ளைகள்!

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மின்னோட்டம் வழியிலேயே தீர்ந்துபோகும் என்று நினைப்பது உலகம் முழுக்கப் பிள்ளைகளிடம் இருக்கிற ஒன்று. இயற்பியல் கற்பித்தலைப் பற்றிப் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் புத்தகத்தில் படித்துத் தெரியும். ஆனால் அத்தனை 'அ' அட்டைகள் கண் முன்னால் நிற்பதைப் பார்ப்பது வேறு விஷயம்.

பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசி, அவரை உங்கள் விடைக்கு இழுங்கள் என்றேன். வகுப்பு கொதித்தது. இது நானாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1991லிருந்து செய்துவருவது. முதலில் தனியாக விடை, பிறகு பக்கத்து ஆளோடு விவாதம், பிறகு மறுபடி விடை. இதற்குக் 'கிளிக்கர்' என்று ஒரு சின்ன ரிமோட்டையும் பயன்படுத்துவார்கள். மாணவர் பொத்தானை அழுத்தினால் திரையில் எண்ணிக்கை வந்துவிடும். கிளிக்கரா, அட்டையா, எதில் அதிகம் கற்றுக்கொள்கிறார்கள் என்று கனடாவில் நதானியல் லாஸ்ரி என்பவர் ஒப்பிட்டுப் பார்த்து 2008இல் எழுதினார். கற்றலில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வேலை செய்தது அந்த விவாதம். கிளிக்கரால் ஆசிரியருக்கு எண்ணும் வேலை மிச்சம், பதிவு கையில் இருக்கும். அதுவும் லாபம்தான், நான் குறை சொல்லவில்லை.

இனி என் வகுப்பில் தொழில்நுட்பம் வந்த இடம். விவாதம் முடிந்து, வகுப்பு இரண்டு கட்சியாக நின்றபோதுதான் புரொஜெக்டரைப் போட்டேன். கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' திட்டத்தில் வரும், கணினியில் ஓடும் மின்சுற்று மாதிரி. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் ஆரம்பித்த திட்டம், இலவசம், முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் வேண்டாம். அதில் பல்பையும் வயரையும் இழுத்துப் போட்டு இணைத்தால் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக ஊர்ந்து போகும். முதல் பல்புக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே வேகம். 'அ' கட்சிப் பையன் ஒருவன் எழுந்து வந்து திரையில் விரலை வைத்துப் புள்ளிகளை எண்ண ஆரம்பித்துவிட்டான். கம்பியையும் பல்பையும் வைத்துக்கொண்டு இதைக் காட்டவே முடியாது. உண்மையான பல்பு எரியும், அவ்வளவுதான். உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. இந்த மாதிரியை வைத்துப் படித்த கல்லூரி மாணவர்கள், நிஜக் கருவிகளோடு படித்தவர்களைவிட நிஜச் சுற்றை அமைப்பதிலேயே நன்றாகச் செய்தார்கள் என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் 2005ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று என்னைச் சொல்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கவும்.

அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "கரண்டு குறையவே இல்லைன்னா, அப்புறம் பேட்டரி ஏன் மிஸ் தீருது?"

இதைவிட நல்ல கேள்வி அந்தப் பாடத்தில் கிடையாது. மின்னோட்டம் வேறு, ஆற்றல் வேறு என்பதற்கான வாசலே அதுதான். மீதி நேரம் முழுக்க அதிலேயே போனது. புள்ளிகள் எங்கும் காணாமல் போகவில்லை, சுற்றிச் சுற்றி வருகின்றன. பல்பில் வெளிச்சமாகவும் சூடாகவும் வெளியேறுவது ஆற்றல். அந்த ஆற்றல் பேட்டரிக்குள் இருக்கும் வேதிப்பொருள்களிலிருந்து வருகிறது. அந்த வேதிப்பொருள்கள் மாறி முடிந்தால் பேட்டரி காலி.

கவனிக்க வந்தவர் என் படிவத்தில் எழுதிய வரி: 'தொழில்நுட்பப் பயன்பாடு போதாது.' கேட்டதற்கு, பாடத்தின் பெரும்பகுதி அட்டையிலும் பேச்சிலும் போய்விட்டதாம், புரொஜெக்டர் கடைசியில் கொஞ்ச நேரம்தான் ஓடியதாம். அதே வாரம் என்னோடு படிக்கும் ஒருவர் முதல் நிமிடத்திலிருந்து மணி அடிக்கும் வரை ஸ்லைடு ஓட்டினார். பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. அவருக்கு அந்தக் கட்டத்தில் முழு மார்க். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, என்ன கேட்டார்களோ அதைக் கொடுத்தார். படிவத்தைத் தயாரித்தவர்மேல்தான் கோபம்.

வகுப்பில் தொழில்நுட்பம் எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்க எஸ்.ஏ.எம்.ஆர். என்று நான்கு படி ஒன்று உங்களுக்கும் பாடத்தில் வந்திருக்கும். பழைய கருவிக்குப் பதிலாகப் புதியதை வைப்பது முதல் படி, முன்பு செய்யவே முடியாததைச் செய்வது நான்காம் படி. ரூபன் புவென்டெடுரா என்பவர் யோசிப்பதற்காகக் கொடுத்தது. அதை ஏணியாக்கி, எத்தனையாவது படியில் நிற்கிறாய் என்று பார்க்கிறார்கள். என் அட்டைகளுக்கு அந்த ஏணியில் தரைத்தளம்கூடக் கிடைக்காது.

புதுக் கருவி வந்தாலே கல்வி மாறிவிடும் என்ற இந்த ஆசை புதிதல்ல. சினிமா வந்த காலத்திலேயே, பள்ளிகளில் புத்தகம் சீக்கிரம் காலாவதியாகிவிடும் என்று 1913இல் தாமஸ் எடிசன் சொன்னார். கொஞ்சம் கிட்டத்துக்கு வந்தால், பெரு நாட்டில் 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தில் லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். 2012இல் வெளியான ஆய்வில் கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பொதுவான சிந்தனைத் திறன் சோதனைகளில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், பாதியை மறைத்தேன் என்று யாரும் வர வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. இந்த 'தொழில்நுட்பம்' என்ற சொல்லுக்குப் பயிற்சிக்குப் போகிற பள்ளியில் இன்னொரு அர்த்தமும் உண்டு. வயதில் சின்னவள், கணினி தெரியும், ஆகவே அலுவலக வேலை எல்லாம் என் தலையில். "நீதான் ஃபாஸ்ட்டா அடிப்பியேம்மா" என்று கொஞ்சிக்கொண்டே வருகைப் பதிவு, மதிப்பெண் பட்டியல், பிள்ளைகளின் விவரம் எல்லாவற்றையும் ஏற்றச் சொல்வார்கள். ஒரே விவரத்தை ஒரு பதிவேட்டில் கையால் எழுத வேண்டும், ஒரு எக்செல் கோப்பில் அடிக்க வேண்டும், பிறகு இணையத்தில் ஏற்ற வேண்டும். இணையதளம் பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. இந்த மூன்றில் இரண்டை எடுத்துவிட்டால் எத்தனை ஆசிரியர்களுக்கு அடுத்த நாள் வகுப்புக்கு ஒரு நல்ல கேள்வி தயார் செய்ய நேரம் கிடைக்கும்! பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் அறிவியல் படித்தவள், பிரிண்டர் படிக்கவில்லை. சரி, விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மார்க் வேண்டும், அது எனக்கும் புரியும். அட்டை என்றால் மூஞ்சியைத் திருப்புகிறார்கள் என்றால் 'பிளிக்கர்ஸ்' என்று ஒரு செயலி இருக்கிறது, பாருங்கள். பிள்ளைகளிடம் எந்தக் கருவியும் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கறுப்பு வெள்ளை வடிவம் அச்சடித்த ஒரு தாள். எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார்களோ அதுதான் விடை. வடிவங்கள் வேறு என்பதால் பக்கத்தில் பார்த்துக் காப்பியடிப்பதும் எளிதல்ல. நீங்கள் ஒரே ஒரு போன் கேமராவை வகுப்பு மேல் ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். போனை உள்ளே எடுத்துப்போக அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். கட்டத்தில் எழுத உங்களுக்கு ஒரு பெயரும் கிடைத்துவிடும், கவனிக்க வருகிறவருக்கும் திருப்தி.

கையைத் தூக்கச் சொன்னால் போதாதா என்று கேட்டால், போதாது. முதல் மார்க் வாங்குகிற பிள்ளை எப்போது தூக்குகிறது என்று பார்த்துத்தான் மற்றவர்கள் தூக்குவார்கள்.

இதில் கஷ்டம் செயலியில் இல்லை, கேள்வியில்தான். தவறான விடைகள் பிள்ளைகள் உண்மையிலேயே நம்புகிறவையாக இருக்க வேண்டும். சும்மா இடத்தை நிரப்ப எழுதினால் எல்லோரும் சரியான விடையைக் காட்டுவார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. மேலே சொன்ன கேள்வியில்கூட 'ஈ' அப்படி ஒப்புக்கு வைத்ததுதான், யாரும் தொடவில்லை. பழைய விடைத்தாள்களில் பிள்ளைகள் தப்பாக எழுதியதைக் குறித்து வைத்துக்கொண்டால் அதிலிருந்தே கேள்வி கிடைக்கும். நான் அப்படித்தான் சேர்த்துவருகிறேன்.

நீங்கள் எந்தப் பாடம் என்று சொல்லவில்லை. அறிவியல் என்றால் மின்சாரம், ஒளி, விசை மூன்றிலும் என்னிடம் கொஞ்சம் கேள்விகள் இருக்கின்றன, கேட்டால் தருகிறேன். வரலாறு, மொழி என்றால் அந்தப் பாடம் நடத்துகிறவர் யாராவது வந்து பதில் எழுதட்டும்.