கையால் செய்து கொடுத்தால் கஞ்சத்தனமா?

கேள்வி: எங்கள் வீடு பாளையங்கோட்டையில். பிள்ளைகள் இருவர், ஐந்தாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் படிக்கிறார்கள். போன வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பிளாஸ்டிக் மரம், தோரணம், சீரியல் பல்பு, பரிசுப் பொருட்கள் என்று வாங்கியதில் ஐயாயிரத்துக்கு மேல் போய்விட்டது. அதில் பாதி ஜனவரியிலேயே குப்பைக்குப் போனது. இந்த வருஷம் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்கிறேன். என் அத்தை சம்மதிக்கவில்லை. "கையால செஞ்சு கொடுத்தா கஞ்சத்தனம்னுதான் நினைப்பாங்க" என்கிறார். பதினான்கு வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும். எல்லா மதத்தாரும் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள். வீடியோ பார்த்துச் செய்து பார்த்தவை எதுவும் சரியாக வரவில்லை. எதைச் செய்யலாம், எப்படிச் செய்யலாம்?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் அத்தை சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. காலி பாட்டிலுக்கு வர்ணம் அடித்து, அதன் கழுத்தில் ரிப்பன் கட்டிக் கொடுத்தால் வாங்குகிறவர் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார். அப்புறம் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடுவார். கடைப் பொருளைப் பார்த்து அதேபோல் செய்தால், அது கடைப் பொருளை விடச் சுமாராகத்தான் இருக்கும். வீடியோவில் வரும் தெர்மாகோல் பனிமனிதனும் பஞ்சுப் பனியும் அப்படித்தான். கடையில் கிடைக்காததை, உங்கள் வீட்டுக் கைக்கு வருவதைச் செய்தால் யாரும் கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே எல்லாவற்றையும் செய்கிறேன் என்று இறங்க வேண்டாம். ஒரு நட்சத்திரம், இயேசு பிறப்பைக் காட்டும் ஒரு குடில், பதினான்கு வீட்டுக்குப் பலகாரம். இவ்வளவு போதும்.

முதலில் நட்சத்திரம். இப்போது கடையில் மடித்து விற்கும் அட்டை நட்சத்திரங்கள் வருவதற்கு முன், நம் ஊர்களில் மூங்கில் பிளாச்சில் கட்டிய நட்சத்திரம்தான் வாசலில் தொங்கும். உங்கள் அத்தைக்கு நிச்சயம் நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள். பந்தல் போடுகிறவர்களிடமோ மூங்கில் கடையிலோ கேட்டால் பிளாச்சு கிடைக்கும். இரண்டரை அடி நீளத்தில் பத்துக் குச்சிகள் சீவிக்கொள்ளுங்கள். சுண்டுவிரலில் பாதி அகலம் இருந்தால் போதும். சிலாம்பு கையில் ஏறாமல் இருக்க, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகுதான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். ஐந்து குச்சிகளை ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகும்படி வைத்து, ஐந்து முனைகளையும் நூலால் கட்டினால் தட்டையான நட்சத்திரம் ஒன்று வரும். அதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். இப்போது நடுவில் குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்கள் இருக்கும். அந்த ஒவ்வொரு இடத்திலும் முன் சட்டத்துக்கும் பின் சட்டத்துக்கும் இடையே ஆறு அங்குலக் குச்சி ஒன்றை முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். தட்டையாகக் கிடந்தது வயிறு புடைத்து எழுந்து நிற்கும். அந்த நொடியில் உங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். இதை எந்தக் கடையில் வாங்க முடியும்?

முட்டுக் குச்சி நழுவுகிறது என்றால் அதன் இரண்டு நுனியிலும் கத்தியால் சின்னதாக வெட்டுப் போட்டு, சட்டக் குச்சி அதில் உட்காரும்படி செய்து, நூலைக் குறுக்காக நான்கைந்து சுற்றுச் சுற்றுங்கள். வீடியோ பார்த்துச் செய்யும்போது பலருக்குக் கோணிப்போவது இந்த இடத்தில்தான். முனைகளைக் கட்டும் முன்பே முட்டுக் கொடுக்கப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் நிற்காது.

ஒட்டுவதற்கு மைதா பசை போதும். இரண்டு கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கண்ணாடி போலப் பளபளப்பு வரும்வரை கிண்டுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பவர்கள் உண்டு. அது விஷம். பிள்ளைகள் கைவைக்கும் பசையில் அது வேண்டவே வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை புதிதாகக் கிண்டிக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் மழையையும் நினைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் நம் பக்கத்தை விடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லையிலும் தூத்துக்குடியிலும் யாரும் மறந்திருக்க முடியாது. அன்று காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. சாதாரண வண்ணத்தாள் ஒரு தூறலுக்கே ஊறிக் கிழிந்துவிடும். வெளியே தொங்கவிடுவதானால் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். அதற்கு மைதா பசை பிடிக்காது, ஒட்டும் டேப்தான் சரி. காகிதம்தான் பிடிக்கும் என்றால் போர்டிகோவுக்குள், சாரல் அடிக்காத இடத்தில் மாட்டுங்கள். பின்பக்கம் ஒரு முக்கோணத்தை ஒட்டாமல் கதவு போல விட்டு வையுங்கள், பல்பு மாட்ட வேண்டும் அல்லவா? ஐந்து வாட் எல்இடி பல்பு போதும். பழைய குண்டு பல்பு சூடேறும், தாள் பக்கத்தில் அதை வைக்கவே கூடாது. ஒயர் இணைப்பை இன்சுலேஷன் டேப் சுற்றி மழைபடாத உயரத்தில் கட்டுவது உங்கள் கணவர் வேலையாக இருக்கட்டும்.

குடில் விஷயத்துக்கு வருகிறேன். அசிசி நகர் புனித பிரான்சிஸ் 1223-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் இத்தாலியின் கிரேச்சோ என்ற சிற்றூரில் குடில் அமைத்தார். அங்கே இருந்தவை ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை. பெத்லகேமில் அந்தக் குழந்தை எவ்வளவு எளிமையில் பிறந்தது என்பதை மக்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதை நினைக்கும்போது, மினுமினுப்புத் தாள் சுற்றிய ரெடிமேடு குடிலைவிட, உங்கள் பிள்ளைகள் வைக்கோல் வேயும் குடில்தான் அந்த இரவுக்கு நெருக்கமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குடிலுக்கு முன்னால் பச்சைப் புல் வேண்டும். பச்சை வர்ணம் தோய்த்த மரத்தூள் விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள். கேழ்வரகையோ கம்பையோ ஓர் இரவு ஊறவைத்து, அகலமான தட்டில் இரண்டு அங்குலம் மண் பரப்பி, நெருக்கமாகத் தூவுங்கள். மேலே மண்ணை மெல்லிசாகத் தூவி, ஈரத்துணி போட்டு மூடுங்கள். முளை தலைகாட்டியதும் துணியை எடுத்துவிடலாம். அம்மன் கோயில் கொடைக்கு முளைப்பாரி வளர்க்கிற பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டால் இதை என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். டிசம்பர் 14 அல்லது 15-ஆம் தேதி விதைத்தால் 24-ஆம் தேதி இரவுக்குப் புல் சரியான உயரத்தில் நிற்கும். நிழலிலேயே வைத்திருந்தால் வெளிறிப்போகும், கடைசி மூன்று நாள் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீரை ஊற்றாமல் தெளியுங்கள், ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

குடிலில் வைக்கும் சுரூபங்கள், அதாவது சிலைகள், உங்களிடம் இருப்பவையே போதும். ஆடுகளைப் பிள்ளைகள் களிமண்ணில் செய்யட்டும். காருக்குறிச்சிப் பக்கம் மண்பாண்டம் செய்கிறவர்களிடம் பிசைந்த மண் கேட்டு வாங்கலாம். செய்தவுடன் வெயிலில் வைத்தால் வெடிக்கும். நிழலில் ஒரு வாரம் ஆறவிடுங்கள். ஆட்டின் காலை ஒல்லியாகச் செய்தால் உடையும் என்பதால் படுத்திருக்கும் ஆடாகச் செய்வது நல்லது. மூன்று அரசர்களை முதல் நாளே குடிலுக்குள் வைத்துவிடாமல் வீட்டின் மறுகோடியில் வைத்து, தினம் கொஞ்சம் நகர்த்தி, அவர்கள் குழந்தை இயேசுவைக் கண்டதை நினைக்கும் ஜனவரி 6 திருக்காட்சிப் பெருவிழாவில் கொண்டுவந்து சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு விடுமுறை முடிந்தும் அந்த வேலை மிச்சமிருக்கும்.

மரத்துக்குச் சவுக்குக் கிளை ஒன்று, வாளியில் ஈர மணல். பனங்குருத்தோலைக் கீற்றில் சின்ன நட்சத்திரம் மடித்து மாட்டலாம். ஓலை காய்ந்து முறிந்தால் ஈரத்துணியில் கொஞ்ச நேரம் சுற்றி வைத்து எடுங்கள், வளையும். இதற்கு மேல் மரத்தில் நேரம் செலவிடத் தேவையில்லை.

இனி, அத்தை கவலைப்படும் பரிசு. பதினான்கு வீட்டுக்கும் ஒரு சின்ன ஓலைப்பெட்டி நிறையப் பலகாரம் கொடுங்கள். பெட்டியை நீங்கள் முடைய வேண்டாம். தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் பனை ஓலையில் பெண்கள் அழகழகாக முடைகிறார்கள். அவர்களிடம் வாங்கினால் அந்தக் காசு இன்னொரு வீட்டுக் கிறிஸ்துமஸுக்குப் போகும். வாங்குகிற வீட்டாரும் பெட்டியைத் தூக்கிப் போடமாட்டார்கள், பூண்டு, வெங்காயம் போட்டு வைத்துக்கொள்வார்கள்.

பெட்டிக்குள் மூன்று பலகாரம் போதும்: அச்சு முறுக்கு, கல்கல், முந்திரிக்கொத்து. மூன்றில் அச்சு முறுக்குதான் பழகாத கையைச் சோதிக்கும். பச்சரிசி மாவு, கெட்டித் தேங்காய்ப்பால், சர்க்கரை, கொஞ்சம் எள். மாவு தோசை மாவைவிடச் சற்று இளக்கமாக இருக்க வேண்டும். புது அச்சு என்றால் முதல் நாள் இரவே எண்ணெயில் போட்டு வைத்துவிடுங்கள். சுடும்போது அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகக் காய வேண்டும். காயாத அச்சில் மாவு பிடிக்காது. அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் மாவில் வைத்ததும் வெந்து நழுவிவிடும். அச்சை முக்கால் உயரத்துக்குத்தான் மாவில் முக்க வேண்டும். மேல் விளிம்பு மூழ்கிவிட்டால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. எண்ணெயில் இறக்கி, ஓசை அடங்கும்போது லேசாக ஆட்டினால் பூப்போலக் கழன்று மிதக்கும். இந்தப் பதமெல்லாம் அத்தைக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அடுப்படியில் அவரைத் தலைமை ஏற்கச் சொல்லுங்கள். "நீங்க சுட்டுக் கொடுங்க அத்தை, உங்க கைப்பக்குவம்னு சொல்லித்தான் கொடுக்கப்போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் கஞ்சத்தனம் என்ற பேச்சு வராது.

நம் ஊரில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பலர் அச்சு முறுக்கு மாவில் முட்டை சேர்ப்பார்கள். உங்கள் பட்டியலில் சைவ வீடுகள் இருந்தால் அவர்களுக்கு முட்டையில்லாமல் தேங்காய்ப்பாலிலேயே செய்யுங்கள், மொறுமொறுப்பாக நன்றாகவே வரும். அந்த ஈட்டைப் புது எண்ணெயில் முதலில் சுட்டு எடுத்து, தனி டப்பாவில் வைத்த பிறகு முட்டை மாவைத் தொடுங்கள். கொடுக்கும்போது அதைச் சொல்லிக் கொடுங்கள். தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் தந்த வீட்டுக்கு, பெருநாளைக்குப் பிரியாணி அனுப்பிய வீட்டுக்கு, நீங்கள் அவர்களை நினைத்துச் செய்தீர்கள் என்பது அந்த ஒரு வார்த்தையில் தெரிந்துவிடும். விலை ஒட்டிய பரிசுப் பெட்டியால் அது முடியாது.

முந்திரிக்கொத்துக்கு உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள். கல்கல் உருட்டுவது பிள்ளைகள் வேலை. புதுச் சீப்பின் மேலோ முள்கரண்டியின் முதுகிலோ மாவை அழுத்திச் சுருட்டினால் வரிவரியாக வரும். பொரிப்பதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். முந்திரிக்கொத்துக்கு உள்ளே வைக்கும் தேங்காயை ஈரம் போக வறுக்காவிட்டால் சீக்கிரம் சிக்குவாடை வந்துவிடும். கல்கல் 18-ஆம் தேதி வாக்கில் செய்யலாம், மற்றவற்றை 22, 23-இல் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கால ஈரத்தில் ஓலைப்பெட்டிக்குள் வெறுமனே போட்டால் நமத்துப்போகும். எல்லாம் முழுதாக ஆறிய பிறகு உறையில் கட்டி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருந்து, கொடுக்கிற அன்று பெட்டிக்கு மாற்றுங்கள்.

பதினான்கு வீட்டில் யாருடைய வீட்டிலாவது இந்த வருஷம் துக்கம் நடந்திருந்தால், அங்கே பலகாரம் சுடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டு, நீங்களும் அத்தையும் சேர்ந்தே போய்விட்டு வாருங்கள்.

வாழ்த்து அட்டையும் வாங்க வேண்டாம். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், வருகிற கடிதங்களுக்கெல்லாம் கைப்படப் பதில் எழுத நேரமில்லாமல்தான் ஓவியர் ஒருவரிடம் படம் வரையச் சொல்லி முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சடித்தார். நேரமில்லாதவருக்கு உதவ வந்த பொருள் அது. பெரியவன் படம் வரையட்டும், நீங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று வரி எழுதுங்கள். எல்லாருக்கும் ஒரே வரியை எழுதாதீர்கள். போன மாதம் காய்ச்சலில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவருக்கு அதையே எழுதுங்கள்.

வேலையைக் கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளுக்குப் பிரித்துக்கொண்டால் மூச்சு முட்டாது. முதல் ஞாயிறு நட்சத்திரச் சட்டம், இரண்டாவது ஞாயிறு தாள் ஒட்டுவதும் களிமண் ஆடுகளும், மூன்றாவது ஞாயிறு குடில், நான்காவது ஞாயிறு அட்டைகள். விதைப்பதை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள். மறந்துபோய் 19-ஆம் தேதி ஞாபகம் வந்தால் கம்பைத் தேடாதீர்கள், வீட்டிலிருக்கும் வெந்தயத்தைப் போடுங்கள். ஐந்து நாளில் ஓர் அங்குலமாவது வந்துவிடும்.