ஞாயிறு பதினொரு மணிக்குப் பழக்கலவை: கேள்வி பதில்

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வர பத்தரை ஆகிவிடுகிறது. அந்த நேரத்துக்குப் பழக்கலவை மட்டும் போதுமா? (மார்த்தாண்டம்)

பழம் மட்டும் தின்றால் சீக்கிரம் பசிக்கும். அவித்த சிறுபயறு, தேங்காய்த் துருவல், வறுத்த முந்திரி ஒவ்வொரு கைப்பிடி சேருங்கள். நான்கு பேருக்குக் கைதச்சக்கை (அன்னாசி) பாதி, பப்பாளித் துண்டுகள் இரண்டு கப், வாழைப்பழம் நான்கைந்து, எலுமிச்சை ஒன்று போதும். எட்டு வகைப் பழத்தைக் கொட்டினால் எதன் ருசியும் நாக்கில் நிற்காது. சீனி வேண்டவே வேண்டாம். அது பழத்தின் நீரை வெளியே இழுத்து, கலவையைச் சொதசொதவென்று ஆக்கிவிடும்.

எந்த வாழைப்பழம் நல்லது? வெட்டியதும் கறுத்துப்போகிறதே? (தக்கலை)

மணத்துக்கு நம் மட்டி வாழையை மிஞ்ச ஆளில்லை. 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் கிளறினால் குழையும். பரிமாறும்போது மேலே வையுங்கள். துண்டு துண்டாக நிற்க வேண்டுமானால் செவ்வாழை. வெட்டிய இடத்தில் காற்றுப் படுவதால்தான் கறுக்கிறது. உடனே எலுமிச்சைச் சாற்றில் புரட்டினால் வெகுநேரம் தாங்கும்.

கைதச்சக்கையைத் தயிரில் கலந்து வைத்தேன். கசந்துவிட்டது. தயிர் கெட்டதா? (குலசேகரம்)

தயிர் மீது பழி போடாதீர்கள். வேகவைக்காத கைதச்சக்கையில் புரோமெலைன் என்ற நொதி உண்டு. அது பாலின் புரதத்தைச் சிதைப்பதால் வருகிற கசப்பு இது. பப்பாளியிலும் இதே வேலையைச் செய்யும் பப்பெய்ன் இருக்கிறது. பழுக்கப் பழுக்கக் குறையும். துண்டுகளைச் சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேர்த்தால் கசக்காது. அதற்குப் பொறுமை இல்லையென்றால் சாப்பிடும் நேரத்தில் தயிரை ஊற்றிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

வரிக்கைச் சக்கை (பலாப்பழம்) சேர்க்கலாமா? (திருவட்டாறு)

தனியாகத் தின்னுங்கள். அதன் மணம் மற்றப் பழங்களை வாய் திறக்க விடாது.

சர்க்கரை நோயாளிக்குக் கொடுக்கலாமா? (நாகர்கோவில்)

சிறு கிண்ணம் அளவு, பயறும் முந்திரியும் சேர்த்து. சாறாகப் பிழிய வேண்டாம், நார்ச்சத்து போய்விடும். உங்களுக்கு உரிய அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டு மாதக் குழந்தைக்குத் தேன் கலந்து ஊட்டலாமா? (கருங்கல்)

கூடாது. மார்த்தாண்டம் தேனே ஆனாலும், ஒரு வயது முடியும்வரை துளிகூடக் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா வித்துகள் பச்சிளம் குடலில் நஞ்சை உண்டாக்கலாம். நன்றாகப் பழுத்த மட்டிப் பழத்தை மசித்துக் கொடுங்கள்.