காலனிக் காலத்துப் பணக்கார ராணுவ அதிகாரியின் வீடும் வாழ்க்கையும் எப்படி இருந்தன?

லக்னோவில் வாழ்ந்த கிளாட் மார்ட்டினை (1735–1800) எடுத்துக்கொள்வோம். பிரான்சின் லியோன் நகரத்துக்காரர். பிரெஞ்சுப் படைவீரராகப் புதுச்சேரிக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயர் பக்கம் தாவி, மேஜர் ஜெனரலாக இறந்தவர்.

ராணுவச் சம்பளம் மட்டும் இருந்திருந்தால் அவர் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. லக்னோவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட அவத் நவாபின் ஆயுதக்கிடங்குக்குப் பொறுப்பாளராக இருந்ததால் அரண்மனையில் செல்வாக்கு கிடைத்தது. வட்டிக்கடனும் அவுரி (நீலச்சாயம்) வியாபாரமும் வீட்டு வாடகையும் பணத்தைக் கொட்டின. நவாபே அவரிடம் கடன்பட்டிருந்தார்.

கோமதி ஆற்றங்கரையில் அவர் கட்டிய ஃபர்ஹத் பக்‌ஷ் மாளிகைதான் என்னை மிகவும் வியக்க வைப்பது. அதன் கீழறைகள் ஆற்று நீர்மட்டத்தை ஒட்டியவை. கோடை முழுவதும் அந்தக் குளிர்ச்சியில் வசிப்பார். மழைக்காலத்தில் வெள்ளம் ஏற ஏற, குடியிருப்பும் ஒவ்வொரு தளமாக மேலே ஏறும். நீர் வடிந்தபின் கீழறைகளைச் செப்பனிடுவார்கள். மேலே ஆயிரக்கணக்கான புத்தகங்கள், ஓவியங்கள், அறிவியல் கருவிகள்.

அதே வீட்டில் அடிமைகளும் இருந்தார்கள். அவருடைய துணைவி பூலோன், சிறுமியாக இருந்தபோது அவரால் விலைக்கு வாங்கப்பட்டவர். இதைச் சொல்லாமல் மார்ட்டினின் ரசனையை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. உயிலில் பூலோனுக்கு ஓய்வூதியம் ஒதுக்கினார். அடிமைகளை விடுவிக்கச் சொன்னார். பெருஞ்செல்வத்தின் பெரும்பகுதி லக்னோ, கல்கத்தா, லியோன் நகரங்களில் லா மார்ட்டினியர் பள்ளிகளானது. அவர் கட்டத் தொடங்கிய கான்ஸ்டான்ஷியா மாளிகையில்தான் லக்னோ பள்ளி நடக்கிறது. அதன் நிலவறையில் அவருடைய கல்லறை இருக்கிறது.