சாத்துக்குடிக் கறை

கேள்வி: நான் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறேன். வயது 54. பழைய மடக்குக்கத்திகள் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. அதிலும் பாட்டில் ஓப்பனர் வைத்த ஸ்கவுட் (சாரணர்) கத்தி என்றால், எவ்வளவு தூரமானாலும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். இந்த ஆசைக்கு விதை போட்டது என் அப்பாவின் கத்தி. சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது ஒரு கப்பல் சிப்பந்தி அவருக்குக் கொடுத்த கத்தி அது, கமில்லஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி செய்தது. அதன் ஓப்பனரால்தான் எனக்கும் தம்பிக்கும் பவண்டோ திறந்து கொடுப்பார். அப்பா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. கத்தி இப்போது ஊரில் தம்பியிடம் இருக்கிறது. அவனுக்கு அதன் அருமை தெரியவில்லை. அப்பா படுக்கையில் இருந்த இரண்டு வருஷமும் அதை வைத்துத்தான் அவருக்குச் சாத்துக்குடி நறுக்கியிருக்கிறான். ஒரு நாளும் துடைத்து வைக்கவில்லை போலிருக்கிறது, அலகு கறுத்துக் கிடக்கிறது. என்னிடம் வந்தால் மெருகேற்றிப் புதிதுபோல ஆக்கிவிடுவேன். 50,000 ரூபாயும் ஒரு புது சுவிஸ் கத்தியும் தருகிறேன் என்றேன். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டான். மூத்தவன் என்கிற முறையில் எனக்கு உரிமை இல்லையா? அவனை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: சம்மதிக்க வைக்க வழி சொல்ல மாட்டேன்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஒரு வீட்டில் அப்பாவின் ஹெச்எம்டி வாட்ச், இன்னொரு வீட்டில் அம்மாவின் தையல் மிஷின், வேறொரு வீட்டில் தாத்தாவின் வெற்றிலைப் பெட்டி. கேட்பவர் பெரும்பாலும் தூரத்தில் இருந்தவர், வைத்திருப்பவர் கூடவே இருந்தவர். "அவனுக்கு அதன் அருமை தெரியாது" என்ற வரியும் தவறாமல் வந்துவிடும்.

நீங்கள் எழுதியது நான்கு பக்கம். மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். விட்டதெல்லாம் கத்தியின் வர்ணனை: அலகின் அடியில் இருக்கும் முத்திரை, கைப்பிடியில் பதித்த சின்னம், மாட்டுவதற்கான வளையம், மடக்கும்போது வரும் 'டக்' சத்தம். அப்பாவுக்கு என்ன நோய் என்று ஒரு வரி இல்லை. நீங்கள் எத்தனை தடவை வந்து பார்த்தீர்கள் என்று இல்லை. அவர் படுத்திருந்த இரண்டு வருஷமும், கத்தி கறுத்துப் போனதற்குக் காரணமாக மட்டும்தான் உங்கள் கடிதத்தில் வருகிறது.

சாத்துக்குடி நறுக்கினான் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் பழம் கொடுப்பது என்ன வேலை தெரியுமா? தோலைச் சீவி, சுளை சுளையாகப் பிரிக்க வேண்டும். உள்தோலைக் கத்தி முனையால் கீறி, கொட்டையை எடுக்க வேண்டும். புரை ஏறாதபடி தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வைக்க வேண்டும். சாறு கழுத்து வரைக்கும் வழியும். பாதியில் அவர் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார், பொறுத்திருந்து மறுபடியும் கொடுக்க வேண்டும். கத்தியைத் துடைக்கவில்லை என்கிறீர்களே, அந்தக் கை அப்போது உங்கள் அப்பாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது. இது உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

சரி, கத்தியைப் பற்றியே பேசுவோம். உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் இருக்கும் மாநிலத்திலேயே பிராட்ஃபோர்டில் கேஸ் (Case) என்ற கத்திக் கம்பெனி இருக்கிறது. டைட்டஸ்வில்லில் 2006-ல் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் கம்பெனி, பழைய பாணிக் கத்திகளையே செய்கிறது. கேஸ் கத்தி அலகின் அடிப்பக்கத்தில் இருக்கும் புள்ளிகளை எண்ணியே, 1970-களில் எந்த வருஷம் செய்தது என்று உங்களைப் போன்றவர்கள் சொல்லிவிடுவார்கள். 1970-ல் பத்துப் புள்ளி, பிறகு வருஷத்துக்கு ஒன்றாகக் குறையும். அவ்வளவு தூரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர்கள் நீங்கள். ஓப்பனர் வைத்த கத்தி மேல் வரும் பிரியமும் எனக்குப் புரிகிறது. பால்டிமோரில் வில்லியம் பெயின்டர் 1892-ல் அந்தப் பல் பல்லான தகர மூடிக்குக் காப்புரிமை வாங்கினார். மூடி ஊர் உலகமெல்லாம் போனபிறகு, அதை நெம்பித் திறக்கப் பையில் ஒன்று தேவைப்பட்டது. ஸ்கவுட் கத்தியில் அந்த அலகைப் பாருங்கள், நுனியில் ஸ்குரூ டிரைவர், பக்கவாட்டில் கொக்கி. அதோடு வெட்டும் அலகு, டின் ஓப்பனர், துளை போடும் ஊசி. காட்டில் ஒரு நாள் கழிக்க வேண்டியதெல்லாம் உள்ளங்கைக்குள் மடங்கிவிடுகிறது. சேர்க்கத் தகுந்த பொருள்தான்.

ஆனால் இந்தச் சேகரிப்பில் முதல் பாடமே பழைய அலகை மெருகேற்றக் கூடாது என்பதுதானே? பாலிஷ் சக்கரத்தில் கொடுத்த கத்தியை விவரம் தெரிந்தவர்கள் விலை குறைத்துத்தான் கேட்பார்கள். கார்பன் எஃகில் பழச்சாறு பட்டுப் பட்டு வரும் சாம்பல் நிறத்தையும் கருநீலத்தையும் யாரும் துரு என்று சொல்வதில்லை. செந்துரு பிடிப்பதை ஓரளவு தடுப்பதே அந்தப் படலம்தான். அந்த நிறம் வேண்டும் என்று புதுக் கத்தியை வினிகரில் முக்குகிறவர்களும், கடுகு விழுது பூசி வைக்கிறவர்களும் உங்கள் வட்டத்திலேயே இருக்கிறார்கள். வேறு யாருடைய கத்தியிலாவது இந்தக் கறுப்பைப் பார்த்திருந்தால் நீங்கள் கை வைத்திருக்க மாட்டீர்கள். அப்பாவின் கத்தியில் மட்டும் அதைச் சுரண்டி எடுக்க ஏன் இந்த அவசரம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கறுப்பில் தம்பி இருக்கிறான், நீங்கள் இல்லை. அது உங்கள் கண்ணை உறுத்துகிறது.

பணத்தையும் பாருங்கள். கமில்லஸ் தொழிற்சாலை 2007-ல் மூடப்பட்டுவிட்டது, உண்மைதான். ஆனால் அது ஸ்கவுட் கத்திகளைப் பல பத்தாண்டுகள் செய்து தள்ளிய இடம். உங்கள் ஊர்ப் பழம்பொருள் சந்தையில் சில ஆயிரம் ரூபாய்க்கு நல்ல நிலையிலேயே ஒன்று கிடைக்கும், அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருக்க 50,000 எதற்கான விலை? கூட இல்லாமல் போன அந்த இரண்டு வருஷத்தை விலைக்குக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தம்பிக்கு அது புரிந்திருக்கிறது, போனை வைத்துவிட்டான். போதாததற்குப் பதிலுக்கு ஒரு சுவிஸ் கத்தி! சுவிஸ் கத்தி செய்யும் விக்டோரினாக்ஸ் கம்பெனியைத் தொடங்கிய கார்ல் எல்செனர், 1909-ல் தாய் விக்டோரியா இறந்ததும் தன் கத்திகளுக்கு அந்தப் பெயரையே வைத்தவர். பெற்றவள் நினைவாக ஒரு மகன் பெயர் வைத்த பொருளைப் பண்டமாற்றுக்கு நீட்டியிருக்கிறீர்கள்.

மூத்தவன் உரிமை என்கிறீர்கள். சொத்துக்குச் சட்டம் இருக்கிறது, பிள்ளைகளுக்குச் சம பங்கு. அதைக் கேளுங்கள், தவறே இல்லை. ஆனால் பெற்றவர் கடைசி நாட்களில் புழங்கிய கண்ணாடி, கைத்தடி, டம்ளர், கத்தி எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவருக்குத்தான். அது மகனாக இருக்கட்டும், மருமகளாக இருக்கட்டும், சம்பளத்துக்கு வந்த ஆயாவாகவே இருக்கட்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. வேலையை விட்டுவிட்டு வர முடியவில்லை, பணம் அனுப்பினேன் என்பீர்கள். அனுப்பியிருப்பீர்கள், நம்புகிறேன். மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அது உதவியிருக்கும். அதனால் கத்தி உங்களுடையதாகிவிடாது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தம்பிக்குப் போன் போடுங்கள். "பணம் பேசினது தப்புடா" என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், "இருந்தாலும்" என்று எதையும் சேர்க்காதீர்கள். அப்புறம் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வாருங்கள். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி அவனிடம் கேளுங்கள். அப்பா என்ன சாப்பிட்டார், ராத்திரி தூங்கினாரா, உங்களைப் பற்றி என்ன கேட்டார் என்று எல்லாவற்றையும் கேளுங்கள். காது கொடுத்துக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், கேட்டுத்தான் ஆக வேண்டும். தம்பிக்கு மனைவி இருந்தால் அவரிடமும் உட்கார்ந்து கேளுங்கள். இப்படிப்பட்ட வீடுகளில் படுக்கை விரிப்பை அலசிப் போட்ட கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்தச் சுவிஸ் கத்தியையும் கொண்டுவாருங்கள். பதிலுக்கு எதுவும் கேட்காமல் தம்பி வீட்டில் கொடுத்துவிடுங்கள். செக்-இன் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் இருந்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். அப்பாவின் கத்திப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். அவனாக எடுத்துக் காட்டினால் கையில் வாங்கிப் பாருங்கள். துணியை வைத்துத் தேய்க்க உட்காராதீர்கள். மூட்டு இறுகியிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள், அது போதும். கிளம்பும் நேரத்தில் அவனே மனசு இளகி "நீயே எடுத்துட்டுப் போண்ணே" என்று நீட்டினாலும் வாங்காதீர்கள்.