ஷாட்கன்னில் ஏற்றி இறக்கும் கோம் எதற்கு?

ஷாட்கன்னின் பின்கட்டையில் கன்னம் பதியும் மேல்விளிம்புக்குத்தான் கோம் என்று பெயர். அந்தப் பகுதியை அறுத்தெடுத்து, இரண்டு தண்டுகள்மேல் ஏற்றி இறக்கும்படி பொருத்துவார்கள். கட்டையை வெட்டும் வேலை என்பதால், லைசென்ஸ் உள்ளவரிடம் கொடுப்பதே சரி. சிங்கப்பூரில் துப்பாக்கிச் சட்டம் கடுமை.

ஏன் இந்தப் பாடு? ரைஃபிளில் இருப்பதுபோல், குறிபார்க்க உதவும் பின்பக்கக் குறி, அதாவது பின்குறி, இதில் கிடையாது. சுடுபவரின் கண்தான் பின்குறி. கன்னம் தாழ்ந்தால் கண்ணும் தாழும்; ஈய ரவைகள், சுடுவதற்காக வானில் வீசப்படும் இலக்குத் தட்டுக்குக் கீழே போய்விடும்.

இங்கே ஒரே டாக்சியைப் பகலில் ஒருவர், இரவில் ஒருவர் ஓட்டுவதுண்டு. இரவுக்காரர் ஏறியதும் சீட்டையும் கண்ணாடியையும் திருத்திக்கொள்வார் இல்லையா? அதேதான். முகத்துக்கு முகம் அளவு மாறும்.

கோமை உயர்த்தினால் ரவைகள் கீழே இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மேலேதான் போகும்.