நிறப் பாகுபாட்டைக் களையும் பயிற்சி கொடுத்தால் அமெரிக்கக் காவலர்கள் கறுப்பினத்தவரைச் சுடுவது குறையுமா?

வகுப்பு எடுப்பதால் மட்டும் குறையாது. இதை நான் சொல்லக் காரணம், நானே ஒருவரைச் 'சுட்டிருக்கிறேன்'.

ஒஹாயோவில் நான் வசிக்கும் ஊரில் காவல்துறை பொதுமக்களுக்கு மாலை வகுப்புகள் நடத்தியது. ஒரு நாள் பெரிய திரை முன் நிறுத்தி, லேசர் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். திரையில் ஒரு கறுப்பின இளைஞன் காரிலிருந்து இறங்கி, சட்டென்று பைக்குள் கையை விட்டான். சுட்டுவிட்டேன். அவன் எடுத்தது செல்பேசி. நான் நிறம் பார்க்காதவன் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். (திருமண விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று அச்சடிக்கும் ஊரில் வளர்ந்தவனுக்கு அந்த நம்பிக்கையே கொஞ்சம் அதிகம்தான்.) ஏன் சுட்டீர்கள் என்று பயிற்றுநர் கேட்கவில்லை. "பக்கத்திலேயே கார் நிற்கிறதே, அதன் பின்னால் ஏன் ஒதுங்கவில்லை?" என்றுதான் கேட்டார்.

2007-இல் வெளியான ஓர் ஆய்வில், இதேபோன்ற கணினிச் சோதனையை டென்வர் காவலர்களுக்கும் பொதுமக்களுக்கும் வைத்தார்கள். எதிரில் கறுப்பினத்தவர் என்றால் பொதுமக்கள் சுடுவதன் பக்கம் சாய்ந்தார்கள். காவலர்களிடம் அந்தச் சாய்வு குறைவு. ஆனால் பொத்தானை அழுத்த அவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நிறம் தெரிந்தது. அதாவது, பயிற்சி கையைக் கட்டுப்படுத்தியது, மனத்தை அல்ல. நியூயார்க் காவல்துறை மனத்தையே திருத்தப் பார்த்தது. சுமார் 36,000 பேருக்கு மறைமுகப் பாகுபாடு, அதாவது தமக்கே தெரியாமல் மனத்தில் படிந்திருக்கும் சாய்வு குறித்து வகுப்பெடுத்தது. அதை ஆராய்ந்து 2020-இல் வந்த அறிக்கை, காவலர்களின் அறிவு சற்றுக் கூடியது, தெருவில் நடத்தை மாறியதாகத் தெரியவில்லை என்றது.

டமீர் ரைஸ் வழக்கைப் பாருங்கள். 2014 நவம்பர், கிளீவ்லாந்து. பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியுடன் இருந்த 12 வயதுக் கறுப்பினச் சிறுவன். தகவல் சொன்னவர், அது போலியாக இருக்கலாம், சிறுவனாக இருக்கலாம் என்றார். அந்த வார்த்தைகள் காவலர்களுக்குப் போய்ச் சேரவில்லை. புல்வெளியில் ஏறிச் சிறுவனுக்கு மிக அருகில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார்கள். இரண்டே விநாடியில் அவர்களில் ஒருவர் சுட்டார். தூரமாக நிறுத்தி ஒலிபெருக்கியில் பேசியிருந்தால் யோசிக்க நேரம் கிடைத்திருக்கும். நேரமே இல்லாதபோது, மனத்தில் ஏற்கெனவே படிந்திருப்பதுதான் முடிவெடுக்கிறது.

சட்டமும் வெகுகாலம் அந்த இரண்டு விநாடியைத்தான் பார்த்தது. பல நீதிமன்றங்கள் சுட்ட கணத்தை மட்டும் எடைபோட்டு, காவலர் அங்கே எப்படி வந்து மாட்டிக்கொண்டார் என்பதை ஒதுக்கிவிட்டன. 2025 மே மாதம்தான், பார்ன்ஸ் எதிர் பெலிக்ஸ் வழக்கில், நடந்தது முழுவதையும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருவது லூயிவில் நகரம். விலகி நில், மறைவு தேடு, பேசி நேரத்தை நீட்டு என்ற பயிற்சியை 2019-இல் அங்கே கொடுத்தார்கள். பலப்பிரயோகச் சம்பவங்கள் சுமார் 28 சதவீதம் குறைந்தன, காவலர்களுக்குக் காயமும் குறைந்தது.

அதே லூயிவில்லில்தான் 2020 மார்ச்சில், நள்ளிரவு கடந்து, பிரியானா டெய்லர் என்ற கறுப்பினப் பெண்ணின் வீட்டுக் கதவை உடைத்துக் காவலர்கள் நுழைந்தார்கள். கொள்ளையர் என்று எண்ணி அவருடைய காதலர் ஒரு முறை சுட்டார். காவலர்கள் 32 முறை சுட்டார்கள். பிரியானா இறந்துபோனார். அந்த நேரத்தில் அந்தக் கதவை உடைக்கலாம் என்று பகலில், அவசரமே இல்லாமல், மேசையில் உட்கார்ந்து முடிவெடுத்தவர்களுக்கு என்ன பயிற்சி கொடுப்பது?