டஸாரா ரயிலும் கடன் பத்திரமும்

கேள்வி: ஆப்பிரிக்காவில் சீனா செய்வது உதவியா, வட்டிக்கடையா? அங்கே வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். – ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: சாம்பியாவில் ஆறு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். 1984 டிசம்பர் விடுமுறையில் கபிரி எம்போஷியில் ரயிலேறி தான்சானியாவின் துறைமுகமான தார் எஸ் சலாம் போனேன். டஸாரா ரயில், அதாவது சீனா போட்டுக்கொடுத்த தான்சானியா–சாம்பியா ரயில். 1,860 கிலோமீட்டர், இரண்டு ராத்திரி. தான்சானியாவின் மலைப்பகுதியில் குகைமேல் குகையாக வரும். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் அந்தப் பாதை போட்டபோது மண் சுமந்தவர். ஒவ்வொரு குகை முடியும்போதும் ஜன்னல் கட்டையை உள்ளங்கையால் ஒருமுறை தட்டுவார். “சீனர்களும் எங்களோடு கூடாரத்தில்தான் படுத்தார்கள்” என்றார்.

1965ல் ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் அரசு தானாகவே சுதந்திரம் அறிவித்துக்கொண்டது. சாம்பியாவின் தாமிரம் கடலுக்குப் போக முக்கிய வழியோ அந்த நாட்டுக்குள். சாம்பிய அதிபர் கவுண்டாவும் தான்சானிய அதிபர் நியரேரேயும் உலக வங்கியிடம் கேட்டார்கள், மேலை நாடுகளிடம் கேட்டார்கள். கட்டுப்படியாகாது என்று கைவிரித்துவிட்டார்கள். அன்றைக்குத் தானே ஏழையாக இருந்த சீனா 98 கோடியே 80 லட்சம் யுவான் கொடுத்தது. வட்டி கிடையாது, அடைக்க 30 வருஷம். உள்ளூர்க் கூலிக்குக் காசு? சீனச் சாமான்களை இரண்டு நாட்டுக் கடைகளிலும் விற்று, அந்தப் பணத்தில் கொடுத்தார்கள். 1970ல் தொடங்கி 1975ல் தண்டவாளம் போட்டு முடித்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட சீனர்கள் அந்த வேலையில் உயிர்விட்டார்கள். தார் எஸ் சலாம் பக்கத்தில் சீனர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது.

சீனாவுக்கும் இதில் ஆதாயம் உண்டு. 1971ல் ஐ.நா.வில் பெய்ஜிங்குக்கு இடம் கொடுத்த 76 வாக்குகளில் 26 ஆப்பிரிக்க நாடுகளுடையவை. ஆனாலும் அதை உதவி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

கென்யாவின் மொம்பாசா–நைரோபி ரயில் பாதை வேறு கதை. 2014ல் சீன அரசின் ஏற்றுமதி–இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கி கென்யாவுக்குக் கொடுத்த கடனில் பாதிக்கு 2 சதவீத வட்டி. மறுபாதிக்கு லைபார் விகிதத்துக்கு (லண்டன் வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொண்ட வட்டி) மேல் 3.6 சதவீதம், அதுவும் 15 வருஷத்தில் அடைக்க வேண்டும். இது வியாபாரக் கடன். அதைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2017லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது, ஒப்பந்தத்தின் சில பக்கங்களை அரசு வெளியிட்டது 2022 நவம்பரில்தான். கடனைக் கட்டப்போகிற ஜனங்களுக்கு அத்தனை வருஷம் வட்டி எவ்வளவு என்றே காட்டவில்லை. என்னால் பொறுக்க முடியாதது அதுதான்.

கேள்வி: சரி, அந்த டஸாரா இப்போது எப்படி இருக்கிறது? – அதே வாசகி

பதில்: வருஷத்துக்கு 20 லட்சம் டன் ஏற்றலாம் என்று கட்டியது. ஒரு வருஷமும் அந்த அளவை எட்டவில்லை. என் காலத்திலேயே என்ஜின்கள் பழுதாகி நின்றன. 2024 செப்டம்பரில் சீனா, தான்சானியா, சாம்பியா மூன்று நாட்டு அதிபர்கள் முன்னிலையில், பாதையைச் சீரமைக்க பெய்ஜிங்கில் ஒப்பந்தக் குறிப்பு கையெழுத்தானது. என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். இந்தமுறையாவது முழுப் பத்திரமும் அவர்கள் கண்ணில் படட்டும்.